அரைநூல் வீட்டில் ஒரு கதவு

அவருக்கு அரைநூல் என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வைத்தவன் கெட்டிக்காரன். ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நூல். அதிலும் பாதி என்றால் நம்மைப் போன்றவர்களின் கண்ணுக்கே தெரியாது. இவருக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியாது என்று சொல்கிறவர்களும் உண்டு, அது கொஞ்சம் பொறாமை. கட்டுகிற வீட்டில் கொத்தனார், மின்சாரக்காரர், குழாய்க்காரர் எல்லாம் போனபிறகு கடைசியாக நுழைகிற ஆள் அவர். உள்ளறைக் கதவுகளை மாட்டுவது, கதவைச் சுற்றி மரப்பட்டி அடிப்பது, சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஓரச்சட்டம் ஓட்டுவது, இவ்வளவுதான் வேலை. "மத்தவங்க பண்ண கோணலையெல்லாம் மறைக்கிறவன் நான்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கதவு மாட்டுகிற நேரத்தில் அவர் இந்த உலகத்தில் இருப்பதில்லை. அந்த வாரம் நான்காவது மாடியில் இன்னும் யாரும் குடிவராத ஒரு வீடு. மொத்தம் ஒன்பது கதவு. ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்ததால் வெயில் பால் நிறத்தில் உள்ளே வந்து, தரையில் கிடந்த மரச்சுருள்களின் மேல் படுத்திருந்தது. ஒவ்வொரு கதவாகக் கீலில் ஏற்றுவார், ஆப்பு வைப்பார், ரசமட்டம் பிடிப்பார், பிறகு விரல் நுனியால் தள்ளிவிடுவார். நல்ல கதவு விட்ட இடத்தில் நிற்கும். தானாகத் திறந்துகொள்கிற கதவைக் கண்டால் அவருக்கு ஆகாது. யார் மாட்டியதோ, அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்.

ஏழாவது கதவை மாட்டி முடித்ததும் வழக்கம்போல அது வந்தது. அதைக் கனவு என்று சொல்ல முடியாது. கண் திறந்திருந்தது, கையில் உளி இருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் அவர் மாட்டிய கதவுகள் எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்து வரிசையாக நின்றுவிட்டன. ஒன்றைத் திறந்தால் அடுத்தது, அதைத் திறந்தால் அதற்கும் அடுத்தது. எல்லா அறையிலும் அதே பால் வெயில். எப்போதும் ஒரு அறை முன்னால் யாரோ நடந்துபோகிற சத்தம். யாரென்று அவருக்குத் தெரியும். கையில் மடித்த துணிகளோடு, அவசரமே இல்லாமல் போவாள். இவர் ஒரு கதவைத் திறக்கும்போது அவள் அடுத்த கதவைத் தாண்டியிருப்பாள். கூப்பிட்டுப் பார்க்கலாம். கூப்பிட்டு, அவளுக்குக் கேட்காமல் போய்விட்டால்? அதனால் கூப்பிட மாட்டார்.

"மாமா, கதவு தூங்கிடுச்சா, நீங்க தூங்கிட்டீங்களா?"

பெயிண்டரின் குரல். அரைநூலின் மனைவியின் தம்பி. இவர் கதவு மாட்டினால் அவன் வர்ணம் அடிப்பான், இருபது வருடமாக அப்படித்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"தூங்கலடா. மட்டம் பாத்துட்டிருக்கேன்."

"கண்ண எங்கயோ வெச்சுட்டு மட்டம் பாக்கற ஆள இப்பதான் பாக்கறேன். சரி, பாப்பா என்ன சொல்றா? வீட்டுல கதவு கேட்டாளாமே?"

மகள் பேச்சு வந்ததும் அவர் எட்டாவது கதவைத் தூக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஊர் முழுக்கக் கதவு மாட்டுகிற மனிதரின் சொந்த வீட்டில் உள்கதவு ஒன்றுகூடக் கிடையாது. எல்லா அறைக்கும் துணித்திரைதான். கேட்டால் காற்றோட்டம் என்பார். காற்றோட்டமாம் காற்றோட்டம். தெரிந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த வீட்டிலும் எல்லா அறைக்கும் கதவு இருந்தது. அவர் கையால் மாட்டியவை. அவற்றில் குளியலறைக் கதவுதான் அவருடைய செல்லம். மேலே கீழே, வலது இடது, எந்தப் பக்கமும் ஒரு காகிதம் நுழையாது. சாத்தினால் உள்ளே குழாய் ஓடுகிற சத்தம்கூட வெளியே வராது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை அதற்குள் நிறுத்திப் பேசச் சொல்லி, வெளியே நின்றுகொண்டு, "பாத்தீங்களா, ஒன்னும் கேக்கல" என்று குழந்தை மாதிரி சிரிப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு நாள் முற்பகலில் அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் வழுக்கி விழுந்தாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவர் வீட்டில்தான் இருந்தார். கூடத்தில் உட்கார்ந்து ஒரு பட்டியை இழைத்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான், இவள் இன்னும் வரவில்லையே என்று தோன்றியது. அப்புறம் கதவை உடைக்க வேண்டியிருந்தது. அவர் மாட்டிய கதவு, லேசில் உடையுமா? அவள் கூப்பிட்டாளா, கூப்பிடாமலே போனாளா என்பது இன்றுவரை தெரியாது. உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள் அவர் எல்லா அறைக் கதவுகளையும் கழற்றி வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

குளியலறைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் ஒரு பலகை. கீழே முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட, தாழ்ப்பாள் இல்லாத பலகை. உள்ளே போகிறவர் வெளி ஆணியில் துண்டைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். போய்ச் சும்மாவும் இருக்கக்கூடாது. பாட வேண்டும், இல்லையென்றால் இருமிக்கொண்டாவது இருக்கவேண்டும். சத்தம் நின்றால் அவர் வந்து நின்றுவிடுவார்.

"பாப்பா?"

"இருக்கேன்பா."

அப்போது மகளுக்குப் பதினாறு வயது. பதினெட்டில் கல்லூரி, ஹாஸ்டல் என்று கிளம்பிப் போனாள். பிறகு வேறு ஊரில் வேலை. இருபத்தேழு வயதில் இந்த மாதம்தான் திரும்பி வந்திருந்தாள். ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்கிற வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், உடனே பாக்கறோம் மேடம்" என்று சொல்லவேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து வருகிற அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அரைநூலுக்கு இப்போதெல்லாம் சொர்க்கம். ஒன்பது வருடம் அந்த வீட்டில் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, என் ரூமுக்கு ஒரு கதவு வேணும்."

"திரைய மாத்திடலாமா? நல்ல கனமான துணியா..."

"கதவுப்பா."

அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தாழ்ப்பாள் வேணாம். பூட்டு வேணாம். நீங்க வெளியிலேர்ந்து கைப்பிடியத் திருப்பினா திறக்கட்டும். எனக்குச் சாத்தினா சாத்திக்கணும், அவ்வளவுதான்."

"போன்ல பேசறது வெளிய கேக்குதேன்னு பாக்கறியா? நான் காதப் பொத்திக்கறேன்."

"விளையாடாதீங்கப்பா. வேலைக்குப் போற பொண்ணுங்க ஹாஸ்டல்ல ஒரு ரூம் காலியா இருக்கு. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்னாங்க."

மிரட்டலாகச் சொல்லவில்லை. மிரட்டலாகச் சொல்லியிருந்தால் அவரும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவருக்கோ அவள் மறுபடியும் போய்விட்டால் தன்னால் உயிரோடு இருக்க முடியாது என்று தோன்றியது. கதவு வைத்தால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றினால் மனிதன் என்ன செய்வான்?

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல் கதவை மாட்டினார். நல்ல மரம், நல்ல கதவு. மகள் வேலைக்கு நடுவே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கடியில் ஆப்பை வைத்துக் காலால் மிதித்து, அவர் "ஒரு நூல் மேல" என்றால் ஒரு நூல் மேலே தூக்கினாள். சின்ன வயதில் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பழகியவள். "கூலி உண்டாப்பா?" என்றாள். "சாப்பாடு மட்டும்தான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் மரவாசனை வந்தது.

அவளுக்கு அழைப்பு வந்தது. மேசையை அன்றைக்குக் கூடத்து மூலைக்கு நகர்த்தி வைத்திருந்தாள். அவள் அங்கே போய் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டதும் அரைநூல் அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஸ்க்ரூ வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மடித்து, கீழ்க்கீலுக்குப் பின்னால் வைத்து முடுக்கினார். ஒரு அட்டையின் கனம்தான். அதற்கே கதவு மொத்தமும் சாய்ந்துவிடும். சாத்தினால் நிற்காது, தானாகத் திறந்துகொள்ளும். அந்தச் சாய்வு வெளியே தெரியாமலிருக்கக் கதவின் ஓரத்தையும் அதற்கேற்ப இழைத்துவிட்டார். பிறகு கைப்பிடியோடு சேர்ந்த நாக்கு போய் விழுகிற குழி. அதை நிலைக்காலில் அரை நூல் உள்ளே தள்ளி வெட்டினார். கதவு எவ்வளவு அழுத்தினாலும் நாக்கு குழியைத் தொடாது, விளிம்பில் முட்டி நின்றுவிடும். வேறு எந்தத் தச்சர் வந்து பார்த்தாலும் லேசில் கண்டுபிடிக்க முடியாத வேலை. முப்பது வருடத் திறமையையும் கொட்டி ஒரு கெட்ட கதவை மாட்டினார் மனிதர்.

சாயங்காலம் மகள் கதவைச் சாத்திப் பார்த்தாள். நாக்கு குழியின் விளிம்பில் முட்டியது. கையை எடுத்தாள். கதவு கொஞ்சம் யோசித்துவிட்டு மெல்லத் திறந்தது. நாலு விரல் திறந்து நின்றது.

"என்னப்பா இது?"

"பழைய வீடும்மா. சுவர் இறங்கிட்டே இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

முழுப் பொய். சொன்னபோது குரல் பிசிறவே இல்லை. அவருக்கே ஆச்சரியம்.

புதன்கிழமை அவள் காகிதத்தை மடித்துச் சந்தில் சொருகினாள். அது நழுவி விழுந்தது. வியாழக்கிழமை நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். வழவழப்பான தரையில் நாற்காலி பின்னால் நகர்ந்து, கதவு மறுபடியும் நாலு விரல் திறந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு பெருமூச்சு விடுவது கூடத்தில் அவருக்குக் கேட்டது. கேட்டதே என்ற நிம்மதியில் அந்தப் பெருமூச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவில்லை. ரொம்ப நல்லவர்தான், ஆனால் அந்த மூன்று நாளும் அவரைப் பிடித்து உலுக்கியிருக்கவேண்டும்.

நான்காவது மாடி வீட்டில் கடைசிக் கதவு பாக்கி இருந்தது. அதை மாட்டிவிட்டு விரலால் தள்ளினார். நின்றது. அப்போது மறுபடியும் அந்த நீளமான வீடு வந்தது. ஆனால் இந்தத் தடவை எல்லாக் கதவும் தானாகவே திறந்திருந்தன, ஒவ்வொன்றும் நாலு விரல். அறைக்கு அறை நடந்தார். வெயில் இருந்தது, மரச்சுருள் இருந்தது. முன்னால் நடக்கிற சத்தம் மட்டும் இல்லை. கடைசிவரை போய்ப் பார்த்தார். எந்த அறையிலும் யாரும் இல்லை. உளி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததும்தான் சுயநினைவு வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பெயிண்டர் டப்பாவும் பிரஷுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அக்கா மகளின் கதவுக்குத் தான்தான் வர்ணம் அடிப்பேன் என்று ஒரே பிடிவாதம். அரைநூல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அவசரம் இல்லடா. அப்புறம் பாத்துக்கலாம்."

"உங்களுக்கு எப்பதான் மாமா அவசரம்? நகருங்க."

பெயிண்டர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல பெயிண்டர் கதவைத் தொங்கவிட்டு அடிக்கமாட்டான். கழற்றிப் படுக்கவைத்து, ஓரங்களுக்கும் சேர்த்து அடிப்பான். இவன் வாய்தான் வெட்டி, கை சுத்தம். அரைநூல் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்திலிருந்து ஓடிவருவதற்குள் மேல்கீல், நடுக்கீல் கழன்றுவிட்டன. கீழ்க்கீலையும் நிலையிலிருந்து கழற்றினான். மடித்த அட்டை தரையில் விழுந்தது.

"ஐயோ மாமா, உங்க கதவுல அட்டையா? எவனாவது சொல்லிருந்தா அவன் பல்லப் பேத்துருப்பேன். இத வெச்சா கதவு திறந்துக்காதா, இது சின்னப்பயலுக்குக்கூடத்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டான். அவருக்குப் பின்னால், ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மகள் நின்றிருந்தாள்.

அவள் குனிந்து அட்டையை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். பிறகு நிலைக்காலுக்குப் போய், நாக்கு விழுகிற குழியின் விளிம்பில் நகத்தை வைத்துத் தடவினாள்.

"அரை நூல்" என்றாள்.

பெயிண்டர், "நான் பிரஷ் கழுவிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பிரஷ் இன்னும் டப்பாவைத் தொட்டிருக்கவில்லை.

"வேணும்னே பண்ணீங்களாப்பா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "ஆமா."

"எதுக்கு?"

"சத்தம் கேக்கணும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ உள்ள இருக்கறது தெரியணும். அன்னிக்கு அவ கூப்பிட்டிருப்பா, பாப்பா. நான் பத்தடி தள்ளி உக்காந்து இழைச்சிட்டிருந்தேன். என் கதவுதான் கேக்க விடல."

வெளியே பெயிண்டர் குழாயைத் திறந்துவிட்டு, சும்மா தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டிருந்தான்.

"நான் எதுக்கு ஹாஸ்டலுக்குப் போனேன்னு நெனச்சீங்க?"

"படிக்கத்தான்."

"காலேஜ் இங்கேர்ந்து பஸ்ல நாலு ஸ்டாப்புப்பா."

அவர் நிமிர்ந்தார். ஒன்பது வருடமாக அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்ததே இல்லை.

"அம்மா போனப்புறம் ரெண்டு வருஷம் இந்த வீட்டுல இருந்தேன். அழணும்னு வந்தா, திரைக்குப் பின்னாடி மூக்க உறிஞ்சினாக்கூட நீங்க ஓடி வந்துருவீங்க. உங்க மொகத்தப் பாத்ததும் நான் என் அழுகைய விட்டுட்டு உங்களத் தேத்த ஆரம்பிச்சுருவேன். சரி, பாத்ரூம்ல போய் அழலாம்னா அங்க பாடணும். பாடிட்டே எப்படிப்பா அழறது? ஹாஸ்டல்ல மொத நாள் ரூம்மேட் வெளிய போனதும் கதவச் சாத்திட்டு உக்காந்தேன் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் அழுதேன். ரெண்டு வருஷத்து அழுகை."

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீங்க ஒரு சொட்டு அழல. நீங்க அழுதிருந்தா நானும் பக்கத்துல உக்காந்து அழுதிருப்பேன்."

"இப்பவும்... அழணுமா உனக்கு?"

"எப்பவாவது. இல்லேன்னா சும்மா உக்காரணும். யாரோ நாள் பூரா திட்டறாங்க, கொஞ்ச நேரம் யாரு காதுலயும் விழாம இருக்கணும். நான் சத்தம் போடாம இருந்தா செத்துட்டேன்னு அர்த்தம் இல்லப்பா."

அட்டையை அவர் கையில் வைத்தாள். "நாளைக்குச் சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். சாத்துவதற்குக் கதவும் இல்லை, இழுப்பதற்குத் திரையும் இல்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கூடத்தில் நின்றபடி அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்க்கக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிட்டார். கீழ்க்கீலின் பழைய துளைகளில் பசை தடவி, மரச்சிம்பு அடித்து அடைத்தார். கதவோரத்தில் அதிகமாக இழைத்துவிட்ட இடத்தில் மெல்லிய பலகை ஒட்டி, காய்ந்ததும் சீராக்கினார். குழியையும் அடைத்து, சரியான இடத்தில் புதிதாக வெட்டினார். உளி எங்கேயும் தயங்கவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, நெஞ்சு தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டது. கதவைக் கீலில் ஏற்றி விரலால் தள்ளினார். விட்ட இடத்தில் நின்றது. இன்னொரு இடத்தில் விட்டார். அங்கேயும் நின்றது.

மகள் பட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தை மறைக்கத்தான் பட்டி. கூடத்துப் பக்கம் மூன்று பட்டியும் அடித்து முடித்தார். இனி அறைப்பக்கம். அறைப்பக்கப் பட்டியைக் கதவு சாத்தியிருக்கும்போதுதான் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் கதவுக்கும் பட்டிக்கும் உள்ள விளிம்பு சீராக வராது. மற்ற வீடுகளில் அவர் யோசிக்காமல் செய்கிற காரியம். இங்கே பட்டியையும் சுத்தியலையும் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள போங்கப்பா. நான் வெளியிலேர்ந்து சாத்தறேன்."

"நீ பிடிச்சுக்க வேண்டியதில்ல. அதுவே நிக்கும்."

"தெரியும். போங்க."

உள்ளே போனார். கதவு அவருக்குப் பின்னால் வந்தது. நாக்கு குழியில் விழுகிற சத்தம், சின்னதாக ஒரு க்ளிக். அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் சாத்திய கதவுக்குள் அவர் நிற்பது இதுதான் முதல் தடவை.

அவர் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. அறை அறையாகத்தான் இருந்தது. கட்டிலில் மடிக்காத போர்வை. மேசையில் பாதி குடித்த தண்ணீர். ஜன்னல் வழியே வந்த வெயிலில் மரத்தூள் மிதந்து, எங்கேயும் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே எந்த அவசரமும் இல்லாத மாதிரி, நேரமே ஓரிடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. தோளை இறக்கினார். முதல் பட்டியை வைத்து ஆணி அடிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது பட்டிக்கு நடுவில் வெளியே மகளின் குரல் கேட்டது. போனில் பேசினாள்.

"ஹலோ... ஆமாங்க, அந்த ரூம் விஷயமாத்தான். இல்லங்க, வேணாம். வேற யாருக்காவது குடுத்துருங்க... இல்ல, வேற எடம் பாக்கல. எங்க வீட்டுலயே இருக்கேன்."

சுத்தியல் நின்றது. அவள் போகவில்லை. சந்தோஷத்தில் ஒரு கணம் காலே தரையில் இல்லை. அதற்கு அடுத்த கணம்தான் அவருக்கு உறைத்தது, அவள் சொன்னது அத்தனையும் தனக்குக் கேட்டது என்று. சாத்திய கதவு. நாக்கு விழுந்த கதவு. அரை நூல்கூடப் பிசகாத கதவு. அதன் வழியாகக் கேட்டது.

குனிந்து பார்த்தார். கதவின் அடியில் ஒரு விரல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. காற்று போகவரட்டும் என்று எல்லார் வீட்டிலும் விடுகிற சந்து. யாரும் சொல்லாமலே அவர் கை அந்தச் சந்தை விட்டு வைத்திருக்கிறது. இந்த உலகத்தில் அவர் அதை விடாமல் மாட்டிய ஒரே கதவு, விருந்தாளிகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்ட அந்த ஒரு கதவுதான். ஒரு விரல். ஒரு விரல் விட்டிருந்தால் அன்றைக்கு அவள் கூப்பிட்டது கேட்டிருக்கும்.

முதலில் அது இருமல் மாதிரிதான் வந்தது. பட்டியைப் பிடித்துக்கொண்டார். பிடி நிற்கவில்லை. அப்படியே கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

வெளியே காலடி ஓடி வந்து நின்றது. "அப்பா?"

உட்கார்ந்த இடத்திலிருந்து கைப்பிடியைப் பார்த்தார். அது மெல்லக் கீழே இறங்கியது. பாதி இறங்கியதும் நின்றது. அவள் கை அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தது. அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார், மூச்சு விடாமல். பிறகு அது இறங்கிய மாதிரியே மெல்ல மேலே போய்ப் பழைய இடத்தில் நின்றது.

"நான் சமையல்கட்டுல இருக்கேன்பா" என்றாள், சத்தமாக.

செருப்பைத் தரையில் நன்றாகத் தேய்த்துத் தேய்த்து, போவது தெரியும்படி போனாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரங்கள் உருளுகிற சத்தம் வந்தது, எந்தச் சமையலுக்கும் தேவைப்படாத அளவுக்கு. அரைநூல் சுத்தியலைத் தரையில் வைத்தார். வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழ ஆரம்பித்தார்.